கேவலாதேவ் ஈரநிலமும் எருமை மேய்ச்சல் தடையும்

முன்னுரை

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவும், சரணாலயங்களின் எண்ணிக்கை பெருகிய வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு நிலப்பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டபின் அந்நிலத்தில் நேர்ந்த மாற்றங்கள், அதனை நம்பி வாழ்ந்த மக்கள் அடைந்த நிலை, காப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட அறிவியற் கருத்து பின்னர் மெய்ப்பிக்கப்பட்டதா என்பது ஆகியவை விரிவாகப் பேசப்படுவதில்லை.

இவற்றை ஆராய்வதற்கு ஏற்ற களமாக விளங்குவது இராசத்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை ஒட்டி அமைந்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆகும். உயிரினங்களைக் காக்கும் நோக்கத்துடன் 1982-இல் இங்குக் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தடையை எதிர்த்த ஊர்மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதன்பின் பத்தாண்டுக்காலம் நடைபெற்ற ஆய்வு, எருமைகள் நீங்கியதே அந்த ஈரநிலத்தின் சீர்கேட்டிற்கு ஒரு முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தது. ஆய்வு முடிவு வெளிவந்த பின்னரும் தடை நீங்கவில்லை. அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொண்ட பின்னும் சட்டத்தால் திருத்திக்கொள்ள இயலாமற் போனது ஏன் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

இடமும் பெயரும்

ஆக்ராவிற்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள இப்பூங்காவின் பரப்பு 29 சதுர கி.மீ. அளவினது. இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீர் தேங்கும் பகுதி. எஞ்சியது புல்வெளியும் புதர்க்காடும் ஆகும். பூங்காவினுள் உள்ள சிவன் கோயிலின் இறைவன் பெயர் கேவலாதேவ். அப்பகுதி மக்கள் இவ்விடத்தைக் ‘கனா’ என்று வழங்குவர். இந்தியில் அச்சொல்லுக்கு அடர்ந்தது என்பது பொருள். தமிழில் வழங்கும் ‘கனம்’ என்னும் சொல்லும் அதே வடசொல்லிலிருந்து வந்ததே. முன்னர் அங்கிருந்த அடர்ந்த காட்டைக் குறித்த இப்பெயர், பின்னர் நீர்நிலையைக் குறிப்பதாயிற்று.

இந்நீர்நிலை இயற்கையாகத் தோன்றியதன்று. இயற்கையில் இருந்தது ஒரு பள்ளம் மட்டுமே. 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சாட் இன மன்னர் சூரஜ்மல், கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் வெள்ளத்தைத் தடுக்க அஜான் கரை என்னும் அணையை எழுப்பினார். அக்கரையால் தேங்கிய நீர் பள்ளத்தை நிரப்பியது. பின்வந்தோர் மதகுகளும் குறுக்குக் கரைகளும் அமைத்து நீர்ப்பரப்பைப் பல பாத்திகளாகப் பிரித்தனர். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அஜான் கரையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது; நீரோடு மீன்குஞ்சுகளும் வந்து சேர்ந்தன. கரைமேட்டுக் கருவேல மரங்களிலும் நீர்க்கடம்பிலும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியன கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. குளிர்காலத்தில் வடபுலத்து வாத்துகள் வந்திறங்கின. கோடையில் நீர் வற்ற, நிலம் வெடித்துப் புல் முளைத்தது. தமிழகத்து ஏரிகளின் நீராட்சியை அறிந்தோர்க்கு இவ்வாண்டுச் சுழற்சி புதியதன்று. 350-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ள இந்நிலம், வெள்ளத் தடுப்புக்காக எழுப்பிய கரையின் பின்விளைவாகத் தோன்றியது என்னும் செய்தி பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாக அமைகிறது.

வேட்டைக்களமாக இருந்த காலம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பரத்பூர் அரசின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த மோர்வி இளவரசர் ஹர்பாம்ஜி இந்நீர்நிலையை வாத்து வேட்டைக்குரிய களமாகச் சீரமைத்தார். இன்று பூங்காவில் காணப்படும் குறுக்குக் கரைகளிலும் மதகுகளிலும் பல அக்காலத்து வேட்டை ஏற்பாட்டைச் சார்ந்தவையே. 1902-இல் அரசப்பிரதிநிதி கர்சன் பிரபு பங்கேற்ற வேட்டையுடன் முறையான வேட்டை நிகழ்ச்சிகள் தொடங்கின. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. வேட்டை நடைபெற்ற நாள், தலைமை விருந்தினர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் தொகை ஆகியவை கோயிலின் அருகே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நிலக்கொடையையும் நீர்ப்பங்கீட்டையும் பதிந்துவைக்கும் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு, கொன்ற கணக்கைப் பதிந்த இக்கல் வியப்பளிக்கக்கூடும்.

இத்துணைப் பறவைகள் ஆண்டுதோறும் கொல்லப்பட்ட காலத்திலும் நீர்நிலை அழியவில்லை என்பது நோக்கத்தக்கது. வேட்டைக்கு வாத்துகள் வேண்டும். வாத்துகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகவே நீர் தவறாமல் விடப்பட்டது. சுற்றியுள்ள ஆகாபூர், ஜடோலி, மல்லா முதலிய ஊர்களின் மாடுகளும் எருமைகளும் கனாவில் மேய்ந்தன. ஊரார் புல்லும் விறகும் எடுத்துச் சென்றனர். மன்னரின் வேட்டையும் மக்களின் மேய்ச்சலும் ஒரே நிலத்தில் நெடுங்காலம் உடன் நிகழ்ந்தன. இதனைக் கொண்டு மன்னராட்சியைப் போற்ற வேண்டுவதில்லை. கனாவின் முதல் உரிமை அரண்மனைக்கே இருந்தது; ஊராருக்குக் கிடைத்தது அதன் மிச்சமே.

சரணாலயமும் பறவையியல் ஆய்வும்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. அரண்மனையின் வேட்டைக்காக விடப்பட்ட நீர் தங்கள் வயல்களுக்கு வேண்டுமென்றும், சதுப்பை வடித்து நிலத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்றும் அப்பகுதி உழவர்கள் கோரினர். அக்கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போது பறவையியல் அறிஞர் சாலிம் அலி, தலைமை அமைச்சர் நேருவிடம் முறையிட்டுக் கனாவைக் காக்க வேண்டினார். 1956-இல் இவ்விடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் முன்னாள் மன்னரின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. பறவைகளுக்குப் புகலிடம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் பதினாறு ஆண்டுகள் வேட்டையுரிமையும் இருந்துவந்தது என்பது அக்காலத்துப் பாதுகாப்பின் இயல்பைக் காட்டுகிறது.

1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960-களில் பரத்பூரைத் தன் முதன்மை ஆய்வுக்களங்களுள் ஒன்றாகக் கொண்டது. பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்து, அவை வேறிடத்தில் பிடிபடும்போது வலசைப் பாதையை அறியும் பணி அங்கு நடந்தது. பறவைகளைக் காயமின்றிப் பிடிக்கும் வேலையைச் செய்தோர், பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் சமூகத்தார் ஆவர். கண்ணியும் வலையும் மூங்கிற் குச்சியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த அவர்தம் கைத்திறனே நவீன வலசை ஆய்வுக்குத் துணைநின்றது. வளையத்தில் பொறிக்கப்பட்டதோ கழகத்தின் பெயர். இப்பணிக்கான நிதியின் ஒரு பகுதி அமெரிக்கப் படைத்துறை சார்ந்த ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்ததால் 1970-களில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை அது சர்ச்சைக்குள்ளாயிற்று.

ஊரார் அறிவைப் பயன்படுத்திக்கொண்டு அதற்கு அறிவு என்னும் தகுதியை வழங்காத இப்போக்கு மேய்ச்சல் தொடர்பிலும் காணப்படுகிறது.

1982-ஆம் ஆண்டின் தடை

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரத்பூர் உலகப் புகழ் பெற்றது. ஈரநிலங்களைக் காப்பதற்கென ஈரானின் ராம்சார் நகரில் 1971-இல் உருவான உடன்படிக்கையின்கீழ், இந்தியாவின் முதல் இரு ஈரநிலங்களாக 1981-இல் ஒரிசாவின் சிலிகா ஏரியும் கேவலாதேவும் பட்டியலிடப்பட்டன. 1982-இல் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1985-இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர் உயர மதிலும் எழுந்தது.

சரணாலயம், தேசியப் பூங்கா என்னும் இரு சொற்களுக்கும் பேச்சுவழக்கில் பெரிய வேறுபாடில்லை. சட்டத்தில் வேறுபாடு உண்டு. 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தியோ கட்டுப்படுத்தியோ அனுமதிக்கத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. தேசியப் பூங்காவிலோ எந்தக் கால்நடையும் மேயக்கூடாது; நுழையவும் கூடாது. 35-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு இதற்கு ஒரேயொரு விலக்கு அளிக்கிறது: நுழைவு அனுமதி பெற்ற ஒருவர் ஊர்தியாகப் பயன்படுத்தும் கால்நடை உள்ளே வரலாம். எருமையை ஊர்தியாகக் கொண்டவன் எமன் ஒருவனே ஆதலின், பரத்பூர் எருமைகளுக்கு இவ்விலக்கினால் பயன் விளையவில்லை.

மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்போரின் வாதங்களையும் எடுத்துரைப்பது கடமையாகும். ஊர்களின் கால்நடைப் பெருக்கம் நிலத்தின் தாங்குதிறனை மிஞ்சியது. மாடுகளும் எருமைகளும் புற்றரையை மொட்டையாக்கின. தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளை மிதித்தன. பறவைகளுக்கு உணவாகும் நீர்த்தாவரங்களுக்குப் போட்டியாயின. விறகு வெட்டுதலும் உடன் நிகழ்ந்தது என்பன அவ்வாதங்கள். சாலிம் அலி உள்ளிட்ட பறவையியலார் மேய்ச்சல் நீக்கத்தை ஆதரித்தனர். இவற்றுள் சில கண்கூடாகக் காணத்தக்கவை. ஆயினும் மேய்ச்சல் முற்றிலும் நின்றால் நீர்நிலை என்னவாகும் என்னும் வினா தடைக்கு முன் களத்தில் சோதிக்கப்படவில்லை. மனிதர் விலகினால் இயற்கை தானே தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்னும் நம்பிக்கை அவ்வினாவின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1872-இல் எல்லோஸ்டோன் பூங்காவை அமைத்த அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய தேசியப் பூங்காக் கருத்தின் அடிப்படையும் இந்நம்பிக்கையே. மனிதக் கை படாத பெருங்காடு என்று கருதப்பட்ட நிலத்திற்காக எழுந்த கருத்து, ஒரு மன்னர் கரை கட்டி உருவாக்கிய ஏரிக்குப் பொருத்தப்பட்டது.

1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலமோ இழப்பீடோ வழங்கப்படுமுன்னரே கதவுகள் அடைக்கப்பட்டன. எருமைப் பாலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது வாழ்வாதார இழப்பாகும். எதிர்த்துத் திரண்ட ஊரார்மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பறவைகளைச் சுட்டதன் கணக்கு கல்லில் உள்ள அதே பூங்காவில், இவர்களின் பெயர் பொறித்த கல் வைக்கப்படவில்லை.

பத்தாண்டு ஆய்வும் அதன் முடிவும்

தடைக்கு இரண்டாண்டு முன்னரே, 1980-இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கேவலாதேவின் சூழலியலைப் பற்றிய நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தது. அமெரிக்க மீன், காட்டுயிர்ப் பணித்துறையின் நிதியுதவியுடன் நடைபெற்ற இவ்வாய்வுக்கு வி.எஸ். விஜயன் தலைமை தாங்கினார். பின்னாளில் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்த சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தின் முதல் இயக்குநராக விளங்கியவரும் இவரே. ஆய்வு 1990 வரை நீடித்தது. அறிக்கை 1991-இல் வெளிவந்தது. தடைக்கு முந்திய நிலை, பிந்திய நிலை ஆகிய இரண்டையும் ஒரே குழு ஒரே நிலத்தில் அளந்தறியும் வாய்ப்பு இதனால் அமைந்தது. எவரும் திட்டமிடாத ஒரு சோதனையாக மேய்ச்சல் தடை மாறிற்று.

தடையால் பறவைகள் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. கண்டதோ வேறு. நீரிலும் ஈரத்தரையிலும் படர்ந்து வளரும் பாஸ்பாலம் டிஸ்டிகம் என்னும் புல், மேய்வார் இன்மையால் கட்டுக்கடங்காமல் பெருகியது. தண்டிலிருந்து வேர்விட்டுப் பின்னிப் பாய்போல் மிதக்கும் இயல்புடையது இப்புல். எருமைகள் கழுத்தளவு நீரிலும் இறங்கி இதனை மேயும். நடந்தும் புரண்டும் புற்பாயைக் கிழிக்கும். அவை சேற்றில் கிடந்த பள்ளங்களில் நீர் தங்கும். அவற்றின் சாணம் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். எருமைகள் நீங்கியபின் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்காண்டு சுருங்கியது. முக்குளித்தும் தலைகீழாய்க் கவிழ்ந்தும் இரைதேடும் வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் இடமில்லாமற் போயிற்று. மீன்வளமும் குன்றியது. அழுகிய புல் அடியில் படிய, ஆழம் குறைந்தது. நீர்நிலை மெல்ல மெல்லப் புல்வெளியாக மாறத் தலைப்பட்டது. ஒரு சதுப்பு தன்போக்கில் விடப்பட்டால் அடையும் இயல்பான மாற்றமும் இதுவே. மேய்ச்சல் அம்மாற்றத்தை ஆண்டுதோறும் தடுத்து நிறுத்தி வந்தது. பூங்கா நிருவாகம் இயந்திரங்களைக் கொண்டு புல்லை அகற்ற முயன்றது. வேரறுக்கப்பட்ட புல் அடுத்த மழைக்கு மீண்டும் தழைத்தது.

மேய்ச்சலைத் தடைசெய்யப் பரிந்துரைத்த அறிவுலகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவே, எருமை இந்த ஈரநிலத்தின் இன்றியமையாக் கூறு என்றும், வரையறைக்குட்பட்ட மேய்ச்சல் நீர்நிலைக்கு நன்மை தரும் என்றும் முடிவு கண்டது. தன் நிறுவனத்தின் முந்தைய நிலைப்பாட்டுக்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட இக்குழுவின் நேர்மை பாராட்டத்தக்கது. இந்திய வரலாற்றாய்வில் பரத்பூர் நிகழ்வு, அறிவியலாளரின் அகந்தைக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அக்கூற்று பாதி உண்மை. தவறு நேர்ந்தது ஆய்வுக்கு முந்திய உறுதியினால். அதனை வெளிப்படுத்தியது பத்தாண்டுக்கால அளவீடு. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

‘பாதுகாப்பு உயிரியல்’ என்னும் துறை தனக்கென ஒரு பெயரைப் பெற்றதும் இதே காலத்தில்தான். 1978-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் மைக்கேல் சூலே கூட்டிய மாநாடும், 1985-இல் அவர் எழுதிய விளக்கக் கட்டுரையும் இத்துறைக்கு வடிவம் தந்தன. உயிரினங்கள் விரைந்து அழிந்துவரும் சூழலில் எல்லாத் தரவுகளும் கிட்டும்வரை காத்திருக்க இயலாது. அறிந்தது கொண்டு செயற்பட வேண்டிய நெருக்கடித் துறை இது என்பது அவர் கருத்தின் சாரம். இதனை மறுப்பது கடினம். ஆனால் அறிந்தது குறைவாயிருக்கும்போது செய்யப்படும் செயல், பின்னர் திரும்பப் பெறத்தக்கதாக இருக்க வேண்டுமன்றோ? பரத்பூரில் துப்பாக்கிச் சூடும் மதிலும் சட்டத்தின் முழுத்தடையும் திரும்பப் பெறத்தக்க செயல்களாக அமையவில்லை.

சைபீரியக் கொக்கு

பரத்பூரின் பெருமைக்குக் காரணமான பறவைகளுள் தலையாயது சைபீரியக் கொக்கு. பனிவெண்ணிற உடலும் சிவந்த முகமும் கொண்ட இப்பறவை, மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆப்கானித்தான், பாகித்தான் வழியே பல்லாயிரம் கி.மீ. கடந்து குளிர்காலத்தில் இங்கு வந்தது. 1964-65 குளிர்காலத்தில் 200 கொக்குகள் வந்தன. 1984-85-இல் எண்ணிக்கை 41 ஆகக் குறைந்தது. 2001-02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. அதன்பின் இயற்கையாய் வலசை வந்த கொக்கு எதுவும் பரத்பூரில் காணப்படவில்லை.

இக்கொக்கின் முதன்மை உணவு கோரைக்கிழங்கு. ஆழமற்ற நீரில் நின்று நீண்ட அலகால் சேற்றைக் கிளறிக் கிழங்கைத் தோண்டித் தின்னும். சேற்றின்மேல் பாஸ்பாலம் கனத்த பாயாகப் படர்ந்தபின் அதனைக் கிழித்துக் கிழங்கை எட்டுவது அரிதாயிற்று. எனினும் கொக்கு மறைந்ததற்கு மேய்ச்சல் தடையே காரணம் என்று கூறுவது பிழையாகும். எண்ணிக்கை வீழ்ச்சி தடைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. வலசைப் பாதையில், குறிப்பாக ஆப்கானித்தானிலும் பாகித்தானிலும் நிகழ்ந்த வேட்டை பெருங்கேடு விளைத்தது. ஒரு சிறு கூட்டத்திற்கு வழியில் நேரும் ஒவ்வோர் இறப்பும் பேரிழப்பே. சீனாவின் போயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கும் கிழக்குக் கூட்டம் இன்றும் ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. பரத்பூருக்கு வந்த நடுக்கூட்டம் மட்டுமே அற்றுப்போனது. தடையின் மீதான பழியை மிகைப்படுத்துவதும், தடையை ஆய்வின்றிப் புகழ்ந்ததும் ஒரே வகையான வழுவே.

இதனை எடைபோடுவதற்கு உதவும் நடுநிலைச் சான்று ஒன்று உண்டு. ராம்சார் உடன்படிக்கையின்கீழ், இயல்பு கெட்டுவரும் ஈரநிலங்களைக் குறிக்கும் மோன்ட்ரூ பதிவேட்டில் 1990-இல் கேவலாதேவ் சேர்க்கப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்: நீர்ப் பற்றாக்குறை, சமநிலை இழந்த மேய்ச்சல் ஒழுங்கு, பாஸ்பாலம் புல்லின் பரவல். சைபீரியக் கொக்கு முதலிய நீர்ப்பறவைகளுக்கு நிலம் தகுதி குன்றியதையும் அப்பதிவு சுட்டுகிறது. ஊரார் 1982-இல் கூறியதற்கும் பன்னாட்டுப் பதிவேடு எட்டாண்டு கழித்துக் குறித்ததற்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

சட்டத்தின் சிக்கல்

ஆய்வு முடிவு வந்தபின் மேய்ச்சலை மீண்டும் அனுமதித்திருக்கலாமே என்னும் வினா இயல்பாக எழும். அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. தேசியப் பூங்கா என்னும் தகுதி இருக்கும்வரை கால்நடை நுழையக்கூடாது. தகுதியைக் குறைத்துச் சரணாலயமாக்கினாலன்றி எருமை உள்ளே வர இயலாது. உலகப் பாரம்பரியக் களம் ஒன்றின் சட்டத் தகுதியைக் குறைக்க எந்த அரசும் எளிதில் முன்வராது. பாதுகாப்பின் படிநிலையில் மேலேறுதல் எளிது, இறங்குதல் அரிது என்னும் அமைப்பைச் சட்டம் உருவாக்கி வைத்துள்ளது. மேலும் சட்டம் ‘கால்நடை’ என்னும் பொதுச்சொல்லால் ஆடு, மாடு, எருமை அனைத்தையும் ஒன்றாகக் கருதுகிறது. நீரில் இறங்கி மேயும் எருமைக்கும் புதரைக் கறிக்கும் ஆட்டுக்கும் நிலத்தின்மீதுள்ள விளைவு வேறு வேறு என்பதை மேய்ப்பவர் அறிவர். சட்டத்தின் சொல்லாட்சி அறியவில்லை.

காட்டுயிர் மேலாண்மைக்குத் தேவையெனில் தாவரத்தை அகற்றலாம் என்னும் வேறொரு சட்டக்கூறு மட்டும் வழிதந்தது. அதன்படி ஊரார் உள்ளே சென்று புல்லறுத்துச் சுமந்துவர அனுமதி பெற்றனர். எருமை உள்ளே சென்று புல் தின்னக்கூடாது. எருமைக்காக மனிதர் சென்று புல் கொண்டுவரலாம் என்றாயிற்று. அரிவாள் தரைப்புல்லை அறுக்கும். கழுத்தளவு நீரின் புல்லை அறுப்பதும் அடிச்சேற்றைக் கலக்குவதும் அதனால் இயலாது. உரிமையாளரின்றி உள்ளே தங்கிவிட்ட மாடுகளோ தடைக்குப் பின்னும் பூங்காவிற்குள்ளேயே மேய்ந்து பெருகின.

தமிழகத்தின் வேடந்தாங்கல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அறிந்த அவ்வூர் உழவர்கள், பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயரை எதிர்த்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் எழுத்துமூலமான காப்பைப் பெற்றனர். ஏரி, பாசனத்திற்குப் பயன்பட்டதாலேயே பறவைகள் காக்கப்பட்டன. அவ்வூரார்க்குப் பறவையும் பாசனமும் வேறல்ல. பரத்பூரில் ஊராரின் பயன்பாட்டை நீக்குவதே காப்பின் முதற்படியாகக் கொள்ளப்பட்டது. வேடந்தாங்கல் சிற்றேரி, கேவலாதேவ் பெருநிலம், ஒன்றன் முறையை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் காப்புக்கு வேறொரு தொடக்கம் இயலக்கூடியதாக இருந்தது என்பதை அது காட்டுகிறது.

நீர்ப்பூசலும் பிற்கால நிகழ்வுகளும்

மேய்ச்சலைப் பற்றிய விவாதம் ஓயுமுன்னரே நீரைப் பற்றிய பூசல் மேலெழுந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை கட்டப்பட்டது. பூங்காவிற்கு ஓராண்டுக்குத் தேவையான நீர் ஏறத்தாழ 55 கோடி கன அடி. 2004-இல் மழை குறைந்தபோது, அணைப்பகுதி உழவர்கள் பறவைகளுக்கு நீர் விடுவதைக் கடுமையாக எதிர்த்தனர். பூங்காவிற்குக் கிடைத்தது தேவையின் மிகச் சிறு பகுதியே. கரைமேட்டு மரங்களில் கூடுகள் அமையவில்லை. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பரத்பூர் உழவர் எழுப்பிய கோரிக்கை, அரை நூற்றாண்டு கழித்துக் கரௌலி உழவரின் குரலில் மீண்டும் எழுந்தது. இம்முறை முறையீடு செய்து தீர்வு பெறத்தக்க ஒரு நேருவோ சாலிம் அலியோ இருக்கவில்லை. 2012-ஐ ஒட்டிக் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே வெள்ளநீரைக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. சம்பல் ஆற்றின் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் ஒரு பங்கு பெறப்பட்டது. மீன்குஞ்சுகளைத் தன்னோடு கொணர்ந்த ஆற்றுவெள்ளத்தின் இடத்தைக் குழாய்நீர் எடுத்துக்கொண்டது.

நீர் வற்றிய ஆண்டுகளில் சீமைக் கருவேல் பூங்காவினுள் பெரிதும் பரவியது. தமிழகத்தின் கண்மாய்களை நிறைத்த அதே மரம் இங்குப் புல்வெளியையும் வற்றிய நீர்ப்படுகையையும் பற்றிக்கொண்டது. அதனை வேரோடு அகற்றும் பணியைத் தனித்துச் செய்ய வனத்துறையால் இயலவில்லை. 2007-ஐ அடுத்த ஆண்டுகளில், சுற்றியுள்ள ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஊராரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. குடும்பத்திற்கு இவ்வளவு நிலம் என்று பகிர்ந்தளிக்கப்பட்டது. மரத்தை வேருடன் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த விறகு தோண்டியவருக்கே உரியது என்பது ஏற்பாடு. 1982-இல் எந்த ஊர்களுக்கு எதிராகக் கதவு அடைக்கப்பட்டதோ அவ்வூர்களைச் சேர்ந்தோர் மண்வெட்டியும் கோடரியுமாக அனுமதிச் சீட்டுடன் உள்ளே வந்தனர். தோண்டிய குழிகளில் அடுத்த மழையில் புல் முளைத்தது. அப்புல்லை அறுத்துக் கட்டிச் சுமந்து மதிலுக்கு வெளியே கொண்டுசென்று, வீட்டில் கட்டியிருந்த எருமைகளுக்கு இட்டனர்.